தனியாக பாங்காக் போகிறேன், முதல் நாளை நினைத்தால்தான் பயம்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி, வேலை சென்னையில். டிசம்பரில் ஒரு முதுகுப்பையோடு தனியாக பாங்காக் போகிறேன். இதுவரை வெளிநாடு போனதில்லை, தனியாக எங்கேயும் தங்கியதும் இல்லை. விமானம் நள்ளிரவுக்கு மேல் கிளம்பி, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி வாக்கில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறது. காவ்சான் சாலைப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் பெண்கள் மட்டும் தங்கும் அறையில் படுக்கை பதிவு செய்திருக்கிறேன். முதல் நாளை வீணாக்கக் கூடாது என்று அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள், சதுசக் சந்தை, சைனாடவுன் எல்லாம் பட்டியல் போட்டுவிட்டேன். ஆனால் இறங்கியதும் என்ன செய்வேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நான் சைவம். அம்மா மணிக்கு ஒரு தடவை போன் பண்ணச் சொல்கிறார். தனியாகவா வந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? முதல் நாளே அழுதுகொண்டு திரும்பி வந்துவிடுவேனோ?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தைவிட உங்கள் பட்டியல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. முதல் தடவை தனியாகப் போகிற யாருக்கும் பயம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் தூங்காத கண்ணோடு வந்து இறங்கி ஐந்து இடங்களைச் சுற்றிப் பார்க்க நினைப்பதுதான் நீங்கள் பயப்படுகிற அந்த அழுகையில் கொண்டுபோய் விடும்.

தனியாகப் போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். முதல் நாள் மத்தியானம் வெளியூரிலிருந்து உடைந்த குரலில் யாராவது கூப்பிட்டால் நான் கேட்பது இரண்டு கேள்விதான். கடைசியாக எப்போது தூங்கினீர்கள்? கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். ராத்திரி விமானத்தில் கண்ணை மூடவில்லை, காலையில் ஒரு காபி, அப்புறம் மூட்டையோடு வெயிலில் நடை. அந்த நிலையில் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் அழுகை வரத்தான் செய்யும்.

அதனால் முதல் நாளுக்கு மூன்றே வேலை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை வரை பத்திரமாகப் போய்ச் சேருவது, ஒரு வேளையாவது நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவது, தங்கியிருக்கும் தெருவைச் சுற்றி ஒரு நடை. இவ்வளவும் நடந்துவிட்டால் அந்த நாள் வீணாகவில்லை.

உங்கள் நேரக் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து பாங்காக் ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஆறு என்றால் உங்கள் உடம்புக்கு அது நாலரை மணி. ஹாஸ்டல்களில் படுக்கை கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். ஆக, ஆறிலிருந்து இரண்டு வரை உங்களுக்கு இடமே கிடையாது. முதல் நாளில் மனசு விழுவது இந்த எட்டு மணி நேரத்தில்தான்.

இதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் வழி ஒன்று உண்டு. திங்கள் இரவுக்கும் சேர்த்துப் படுக்கை பதிவு செய்துவிடுங்கள். ஒரு நாள் காசு வீண் என்று தோன்றும். அந்தப் பக்கத்தில் பொது அறையில் ஒரு படுக்கைக்கு ஆகும் செலவு, களைப்பில் நீங்கள் தப்பாகப் பிடிக்கும் ஒரு டாக்சியின் செலவைவிடப் பெரிதாக இருக்காது. ஆனால் ஹாஸ்டலுக்கு ஒரு வரி எழுதி, செவ்வாய் காலை எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வந்து சேருவேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். இதற்கு மனசில்லை என்றால், காலையில் பையை வைத்துவிட்டுக் குளிக்க முடியுமா என்றாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் சரி என்பார்கள்.

இனி விமான நிலையம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுத்தபோது படித்ததை நம்பிப் போகாமல், கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் இன்னொரு தடவை பாருங்கள். குடிவரவு மேசையில் திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, கையில் இருக்கும் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். முதல் இரண்டையும் தாளில் அச்சடித்து வைத்திருங்கள். இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்குமா என்பது நிச்சயமில்லை. ஹாஸ்டல் முகவரியைத் தாய் எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லி அதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய தெருப் பெயர் பல டாக்சிக்காரர்களுக்குப் புரிவதில்லை.

வெளியே வந்ததும் ஓடாதீர்கள். ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். கழிவறைக்குப் போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அம்மாவுக்கு "இறங்கிவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அங்கே இலவச வைஃபை உண்டு. சிம் கார்டு கவுன்டர்கள் வருகைக் கூடத்திலேயே இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள், அது வழக்கம்தான். கவுன்டரில் இருப்பவரையே சிம்மைப் போட்டு இணையம் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நகருங்கள். பணம் மாற்றுவதை மேல் தளங்களில் செய்ய வேண்டாம். ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்தில் உள்ள மாற்றுக் கடைகளில் விலை தெளிவாகவே கூடக் கிடைக்கும். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு (பாத் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிக்கின்றன. சின்னச் சின்னதாகப் பல தடவை எடுக்காதீர்கள்.

காவ்சான் போவதற்கு எஸ்1 என்ற நகரப் பேருந்து விமான நிலையத்திலிருந்தே கிளம்புகிறது. கட்டணம் 60 பாத். காலையில் ஓடத் தொடங்கிவிடும், நேராக அந்தப் பகுதியில் இறக்கிவிடும். இன்னொரு வழி ஏர்போர்ட் ரயில். ஃபயா தாய் நிலையம் வரை 45 பாத், அரை மணி நேரம். ஆனால் அங்கே இறங்கி மறுபடி டாக்சியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும், காவ்சான் வரை அந்த ரயில் போவதில்லை. மூட்டையோடு வரும் உங்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன். ரொம்பக் களைப்பாக இருந்தால் டாக்சி எடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடும் யாரோடும் போகக் கூடாது. தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே தொடுதிரை இயந்திரம் ஒன்று ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டில் உங்கள் வண்டி நிற்கும் தடத்தின் எண் இருக்கும். அந்த எண்ணின் கீழே நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். சீட்டைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மீட்டரில் வரும் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாத், சுங்கச் சாவடிக் காசு இரண்டும் தனி. எல்லாம் சேர்த்து 400, 500 பாத் ஆகலாம். வண்டி நகர்ந்ததும் மீட்டர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால் "மீட்டர்" என்று ஒரு சொல் போதும், அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஹாஸ்டலுக்குப் போனதும் குளித்துவிட்டு ஏதாவது சாப்பிடுங்கள், படுக்கை இருந்தால் படுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரை தூங்கினால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து, இருட்டறையில் மேல்கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். இல்லாத கவலையெல்லாம் வருகிற நேரம் அது.

சைவம் என்று எழுதியிருந்தீர்கள். இதில் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். தாய் சமையலில் மீன் சாறு, அதாவது நாம் ப்ளா, நம் சமையலில் உப்பு போல எல்லாவற்றிலும் விழும். "மீட் வேண்டாம்" என்று சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் சாற்றோடு கொடுப்பார்கள். கொடுப்பவருக்கு அதில் தவறு எதுவும் தெரியாது. பப்பாளி சாலட்டிலும் பாட் தாயிலும் காய்ந்த இறால்கூட இருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அதை எழுதியிருப்பார்கள், பார்ப்பதற்கு 17 என்று எழுதியது போலவே இருக்கும். அந்தக் கொடி தொங்கும் கடையில் மாமிசம், மீன் சாறு, முட்டை, பால், பூண்டு எதுவும் சேர்க்க மாட்டார்கள். முதல் நாள் அதைத் தேடித் திரிய வேண்டாம். காவ்சான் சுற்றுவட்டாரத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. வெளிநாடு போய் சப்பாத்தியா என்று யாராவது கேலி செய்தால் காதில் வாங்காதீர்கள். முதல் நாள் உடம்புக்குத் தெரிந்த சாப்பாடு கிடைப்பது பெரிய தைரியம். தெருமுனைக்கு முனை இருக்கும் செவன் இலெவன் கடையில் வாழைப்பழம், தயிர், ரொட்டி கிடைக்கும். தள்ளுவண்டியில் வெட்டி வைத்திருக்கும் அன்னாசி, கொய்யாவைத் தைரியமாக வாங்கலாம், மிளகாய் உப்பும் பொட்டலமாகக் கொடுப்பார்கள்.

இப்போது மூன்று, நான்கு மணியைப் பற்றி. தூங்கி எழுந்ததும் ஒரு வெறுமை வரலாம். அறையில் மற்றவர்கள் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே எழுத்து புரியாது. நான் எதற்கு இங்கே வந்தேன் என்று தோன்றும். பலருக்கும் தோன்றுவதுதான். இரண்டு வருடம் காசு சேர்த்து வந்தவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. விமான டிக்கெட் தளத்தைத் திறக்கவே கூடாது. திரும்பிப் போவதா இல்லையா என்பதை மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் யோசிப்பேன் என்று இப்போதே உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள். இரண்டு ராத்திரி தூங்கிய பிறகும் மனசு கேட்கவில்லை என்றால் திரும்பி வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தூங்காத மூளை எடுக்கும் முடிவை நம்பாதீர்கள்.

ஐந்து மணிக்கு வெளியே கிளம்புங்கள். காவ்சான் சாலையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். இருட்டியதும் அங்கே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், முதல் நாளுக்கு ஒத்துவராது. அதற்குப் பக்கத்திலேயே ராம்புத்ரி சந்து, அதைத் தாண்டினால் ஃப்ரா ஆதித் சாலை. மரங்களும் சின்னச் சின்னக் கடைகளும் உள்ள சாலை அது. அதன் கோடியில் வெள்ளையாக ஒரு கோட்டை தெரியும், ஃப்ரா சுமேன். முதலாம் ராமர் என்ற தாய்லாந்து மன்னர் காலத்தில் நகரைச் சுற்றிக் கட்டிய 14 கோட்டைகளில் இன்று மிஞ்சியிருக்கும் இரண்டில் ஒன்று. அதை ஒட்டி ஆற்றங்கரையில் சந்திசைப்ரகான் பூங்கா. சாயங்காலம் அக்கம்பக்கத்து மக்கள் அங்கே வந்து உட்காருவார்கள், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும், சாவோ ஃப்ரயா ஆற்றில் படகுகள் போகும், எட்டாம் ராமர் பாலம் எதிரே தெரியும். சரியாக ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிபரப்பாகும். ஓடுகிறவர், நடக்கிறவர் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள். தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நாடு முழுக்க நடப்பதுதான் இது. தனியாக வந்த பெண்ணுக்கு முதல் நாள் சாயங்காலம் உட்கார இதைவிட நல்ல இடம் பாங்காக்கில் எனக்குத் தெரியாது. யாரும் எதுவும் விற்க மாட்டார்கள், யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். குடும்பங்களோடு குடும்பமாக இருந்துவிட்டு இருட்டும்போது அறைக்குத் திரும்பலாம்.

தனியாகவா வந்தாய் என்று கேட்பவர்களைப் பற்றி. ஹாஸ்டல் வரவேற்பில் உண்மையைச் சொல்லுங்கள். வெளியே போகும்போது எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அறையில் இருக்கும் பெண்களிடமும் சொல்லலாம், அவர்களில் பாதிப் பேர் தனியாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தெருவில் தானாக வந்து பேச்சுக் கொடுப்பவரிடமும், வண்டி ஓட்டுபவரிடமும் தோழி அறையில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஹாஸ்டல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மணிக்கு ஒரு தடவை என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் பயத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒரு மணிக்கு வரவேண்டிய போன் ஒன்றேகாலுக்கும் வரவில்லை என்றால் அந்தக் கால் மணி நேரம் அவருக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அங்கே சாமிக்கு வேண்டுதல் நடக்கும். இடத்தை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். இறங்கியதும் ஒரு செய்தி, ஹாஸ்டலுக்குள் போனதும் ஒரு செய்தி, ராத்திரி சாப்பிட்டதும் முகம் பார்த்துப் பேச்சு. ராத்திரிப் பேச்சு நம் நேரம் ஏழரை, அங்கே ஒன்பது. இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை அம்மாவுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள், முதல் நாள் குழப்பம் பாதி இதனால்தான் வருகிறது. ஹாஸ்டலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். போன் தொலைந்தாலும் உங்களைத் தேட ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவரும் தூங்குவார்.

இனி உங்கள் பட்டியல். சதுசக் சந்தையை அடித்துவிடுங்கள், அது சனி, ஞாயிறில்தான் முழுசாக நடக்கும், நீங்கள் இறங்குவது செவ்வாய். சைனாடவுன் இரண்டாம் நாள் ராத்திரிக்கு, முடிந்தால் அறைத் தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு. அரண்மனையை புதன் காலைக்கு வையுங்கள். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், பிற்பகல் மூன்றரைக்கு டிக்கெட் முடிந்துவிடும். கட்டணம் 500 பாத். அவ்வளவு காசு கொடுத்துத் தூங்கி வழிந்துகொண்டு பார்க்கும் இடமல்ல அது. உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றிவரும் மண்டபச் சுவர் முழுக்க ராமாயணம், அவர்கள் ராமகியன் என்கிறார்கள், வரைந்திருக்கிறது. நம் கதை நமக்குத் தெரியாத முகங்களோடு நீளும். அதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் வேண்டும். தோள் மூடிய சட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை போட்டுப் போங்கள், சுடிதார் தாராளமாகச் சரி. அப்படியே வாட் போவில் 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு, எதிரே தா தியன் துறையிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். ஒரே நாளில் மூன்றும் நடக்கும், ஆனால் தூங்கி எழுந்த நாளில்.

அரண்மனை மதிலோரம் நடக்கும்போது ஒன்று நடக்க வாய்ப்பு உண்டு. நன்றாக உடுத்திய ஒருவர், சில சமயம் கழுத்தில் அடையாள அட்டையோடு, சிரித்த முகமாக வந்து எந்த ஊர் என்று கேட்பார். அப்புறம், இன்றைக்கு விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை வேறு கோயில்களைக் காட்டச் சொல்கிறேன் என்பார். பக்கத்திலேயே ஒரு துக்துக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, நிற்கும், 20 பாத் போதும் என்பார் ஓட்டுநர். அதில் ஏறினால் ஒரு சின்னக் கோயில், அப்புறம் நவரத்தினக் கடை, அப்புறம் தையல்கடை என்று போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்கும் கல்லில் அவர்களுக்குக் கமிஷன். சண்டை போடத் தேவையில்லை. நின்று பேசாமல், நன்றி சொல்லிவிட்டு நேராக வாசலுக்கு நடங்கள். திறந்திருக்கும்.

ஊர் ஞாபகம் ரொம்ப வாட்டினால் மூன்றாம் நாள் சீலோம் சாலைக்குப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம் ஊர்க் கோபுரம் போலவே கோபுரம், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள், தாமரை மாலையோடு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மார்கழியை ஒட்டிப் போகிறீர்கள் என்பதால். பழைய நகரில் வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே சிவப்பாக ஒரு பெரிய ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. 1935 வரை அதில் ஊஞ்சலாடும் சடங்கு நடந்தது. அதோடு சேர்ந்த பூசையில் அரண்மனைப் புரோகிதர்கள் நம் திருவெம்பாவையை ஓதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் ஹாஸ்டலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

கைப்பையில் சில பொருட்களை மறக்காதீர்கள். உங்கள் சொந்தப் பூட்டு ஒன்று வேண்டும், ஹாஸ்டல் பெட்டகத்துக்குப் பல இடங்களில் பூட்டு கொடுப்பதில்லை. நம் இரண்டு ஊசி சார்ஜர் அங்கே பெரும்பாலும் பொருந்தும், மூன்று ஊசி பொருந்தாது, அதனால் ஒரு அடாப்டர். பாஸ்போர்ட் நகல் இரண்டு, ஒன்று பையில், ஒன்று வீட்டில். மாற்றுடை ஒன்று, மாதவிலக்குக்கு வேண்டியது, தலைவலி மாத்திரை. அப்புறம் அந்த அச்சடித்த தாளின் பின்பக்கம் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, பொதுப் போலீஸ் 191. 1155-இல் ஆங்கிலத்தில் பேசலாம், சின்ன விஷயம் என்று தயங்க வேண்டாம், டாக்சிக்காரரோடு தகராறு என்றாலும் கூப்பிடலாம். இந்தியத் தூதரகம் சுகும்வித் 23-ஆம் சந்தில் இருக்கிறது, பாஸ்போர்ட் தொலைந்தால் போக வேண்டிய இடம் அதுதான்.

ஹாஸ்டலுக்கு எழுத வேண்டிய அந்த ஒரு வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள். திங்கள் இரவுக்குப் படுக்கை இல்லை என்று பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், காலை நேரத்துக்கு வேறு ஏற்பாடு பார்க்கலாம்.